பக்கத்தில் பிறந்த வண்டி, பக்கத்தில் கிடைக்கும் பாகம்

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்து வரும் தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. பெரியவர்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றே சொல்லும் கல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. அதில் தெற்கே வந்தால் எளாவூர் சோதனைச் சாவடி, கும்மிடிப்பூண்டி சிப்காட், கவரைப்பேட்டை, சோழவரம், செங்குன்றம் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்த வட்டாரத்துக்கும் காருக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிடப் பழையது. 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாகி லாரிக்கு மாறுவதற்கு முன்பு, ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. சோழவரத்தில் நாற்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்ப் பந்தயம் நடந்தது. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. எல்லையைத் தாண்டிய சில கிலோமீட்டரில், ஸ்ரீசிட்டியில், 2016 முதல் இசுசு தொழிற்சாலை ஓடுகிறது. இத்தனையும் இருந்தும், சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இரண்டு மூன்று லட்ச ரூபாயோடு 'நல்ல பிக்கப்' உள்ள பழைய காரைத் தேடினால், கடைசியில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஹரியானாவில் செய்த மாருதிதான். இது தற்செயலாகவோ ரசனைக் குறைவாலோ நடப்பதில்லை. குறைந்த காசில் வேகமான வண்டி வேண்டும் என்பவரின் தேர்வை நம் ஊரில் தீர்மானித்து வந்தது எஞ்சினின் பலமோ, தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பதோ அல்ல. அந்த வண்டியின் பாகம் எத்தனை கடைகளில் கிடைக்கிறது, எத்தனை பட்டறைகளில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பதுதான். எழுபது ஆண்டு வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

கதை அரசாங்க ஆணைகளில் தொடங்குகிறது. சுதந்திரம் வந்த கையோடு, 1949இல், முழுதாகப் பூட்டிய கார்களை வெளிநாட்டிலிருந்து இறக்குவதற்குத் தடை வந்தது. 1953இல் சுங்கவரி ஆணையம், இந்தியாவிலேயே பாகங்களைச் செய்யத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. பெட்டியில் வந்ததைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் என்று சொல்ல மிஞ்சியவர்கள் மூவர்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. விலையையும் விநியோகத்தையும் அரசே கட்டுப்படுத்தியது; 1959இல் அதற்கென்று தனி ஆணையே வந்தது. பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதனால் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது: கையில் உடனே கிடைக்கும் பழைய கார், அரசு விலை வைத்த புதிய காரைவிடக் கூடுதல் விலைக்குப் போயிற்று. பழைய வண்டிச் சந்தையைப் புதிய வண்டி வாங்க வக்கில்லாதவர்களின் ஒதுக்குப்புறம் என்று இன்று சிலர் நினைப்பதுண்டு. அந்தக் காலத்தில் அதுவே முதன்மைச் சந்தை. வேகத்தில் ஆசை உள்ளவருக்கோ வேறு வழியே இல்லை. ஆங்கிலேயர் விட்டுப்போன எம்.ஜி., ஜாகுவார் போன்றவை, தூதரகத்தார் விட்டுப்போய் அரசு வணிகக் கழகத்தின் வழியாக விலைக்கு வந்தவை, இவை எல்லாமே இரண்டாம் கை. மற்றவர்கள் உள்ளூர் வண்டியை வாங்கி, அதைத் தாங்களே வேகமாக்கிக்கொண்டார்கள்.

அப்படி ஆக்கியதைச் சோதித்துப் பார்க்கும் இடமாக இருந்தது சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பந்தயம் தொடங்கியது. மதறாஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் அமைந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கும் வரை இந்தியக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம் என்றே பொருள். கோண்டல் அரச குடும்பத்தார், விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளோடு வந்தார்கள். மல்லையா பழைய ஃபார்முலா ஒன் வண்டி ஒன்றையே அங்கே ஓட்டினார். பத்திரிகைப் படங்களில் அவை பெரிதாக விழுந்தன. ஆனால் வரலாற்றுக்கு முக்கியமானவை அவற்றோடு அதே தடத்தில் ஓடிய பிரீமியரின் ஃபியட்டும் ஸ்டாண்டர்டின் ஹெரால்டும். அவற்றின் பம்பரையும் பின் சீட்டையும் கழற்றிப் போட்டு எடையைக் குறைப்பார்கள். சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டி, கேம் ஷாஃப்ட்டைத் தேய்த்து, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தாழ்த்துவார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் இந்தப் பள்ளியின் உச்சம். 1980களின் கடைசியில் அவர் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில்தான் பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். உலகின் மிக விலையுயர்ந்த விளையாட்டுக்குப் போகும் வழி, நாட்டின் மிக மலிவான காரின் எஞ்சின் வழியாகப் போனது என்பது நம்மவர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. போதுமான அளவு பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.

சோழவரம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதை வைத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் கார்த் தேர்வைப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ஆலை முதலாளிகள், ராஜ வம்சத்தார், நிறுவன வாரிசுகள். ஆனால் வண்டியைக் கழற்றிப் பூட்டியவர்கள் அவர்கள் அல்லர். ஹெட்டைச் சீவிய லேத்காரரும் வால்வைத் தேய்த்த மெக்கானிக்கும் பந்தயம் முடிந்த மறுநாள் தங்கள் பட்டறைக்குத்தான் திரும்பினார்கள். அங்கே டாக்சி ஃபியட்டும் டாக்டர் வீட்டு ஹெரால்டும் காத்திருந்தன. பந்தயத்தில் கற்ற கைவேலை தெருவுக்கு வந்தது இப்படித்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. இறக்குமதி அடைபட்டிருந்ததால் பணக்காரர்கூட உள்ளூர்ப் பாகத்தையே நம்ப வேண்டியிருந்தது. அந்தப் பாகங்களோ சென்னையின் வடக்கிலும் மேற்கிலும்தான் உருவாயின. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதில் நூற்றுக்கணக்கான சிறு லேத் பட்டறைகள். உடைந்துபோன வண்டிகளின் உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை. அங்கே கிடைக்காத உதிரி எங்கும் கிடைக்காது என்பது அந்நாளைய நம்பிக்கை. வேகம் என்ற ஆடம்பரத்தை ஒரு மெக்கானிக் நாட்கூலிக் கணக்கில் செய்துகொடுக்க முடிந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தப் பாகங்களின் பட்டாளம்தான்.

இப்போது ஹெரால்டைக் கவனிப்போம். சென்னைக்காரர்களின் ஞாபகத்தில் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற இடத்தைப் பிடித்திருப்பது அதுவே. இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் வந்த வண்டி. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உடல். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1961 முதல் 1971 வரை அதைச் செய்தது. எஞ்சின் 948 சி.சி., சக்தி நாற்பது குதிரைத்திறனுக்கும் கீழே. அம்பாசிடரையும் ஃபியட்டையும் அடித்துவிட்டுப் போகும் பலம் அதில் கிடையாது. ஆனால் தாழ்வான இருக்கை, லேசான ஸ்டியரிங், டாக்சி நுழையாத சந்திலும் வளைந்து திரும்பும் முன்சக்கரம், மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட் என்று எல்லாம் சேர்ந்து ஓட்டுகிறவரை ஓட்டுநராக உணரவைத்தன. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் போகும் அமைப்பு, இருந்த மூன்று கார்களில் இதில் மட்டுமே இருந்தது. அதுவே அதன் பலவீனமும். வேகமாக வளைவெடுத்துச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். குண்டும் குழியுமான சாலையில் அந்த அமைப்பு சீக்கிரம் தளர்ந்தது. 1972இல் அடுத்து வந்த கெசலில் நிறுவனமே அதைக் கைவிட்டு, லாரி போன்ற ஒற்றை ஆக்சிலுக்குத் திரும்பியது. 1977இல் கெசலும் நின்றது. அதன்பின் ஹெரால்டு வைத்திருந்தவர்களின் கதி என்ன? பம்பாயில் செய்த ஃபியட்டின் பாகம் டீக்கடை போல எந்த நெடுஞ்சாலை ஊரிலும் கிடைத்தது. சென்னையிலேயே பிறந்த ஹெரால்டுக்குப் புதுப்பேட்டையில் தேடி அலைய வேண்டியிருந்தது. ஃபியட்டை டாக்சியாக ஓட்டினார்கள், பத்மினி என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு வாக்கு வரை அதைச் செய்துகொண்டே இருந்தார்கள், அதனால் பிஸ்டன் வளையம் செய்பவருக்கும் விற்பவருக்கும் அதில் பிழைப்பு இருந்தது. ஹெரால்டில் அது இல்லை.

தோற்றத்தை நம்பி ஏமாந்த காலமும் ஒன்று வந்தது. 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் காண்டெஸாவை இறக்கியது. நீண்ட மூக்கும் அகன்ற உடலுமாக அமெரிக்கப் படங்களில் துரத்தும் கார் போல இருந்தது. உள்ளே ஓடியது அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின். பிறகுதான் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்து மானத்தைக் காத்தது. அடுத்த ஆண்டே ஸ்டாண்டர்டு நிறுவனம் சென்னையில் இன்னும் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. பிரிட்டிஷ் போலீஸும் பந்தயக்காரர்களும் விரும்பிய ரோவரின் உடலை வாங்கி, அதற்குள் தன் பழைய வேன்கார்டு காரின் காலத்து எஞ்சினைத் திருத்திப் பொருத்தி, ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. 1988இல் அந்த வண்டியும் நின்றது, நிறுவனத்தின் கார்த் தயாரிப்பும் முடிந்தது. இவை இரண்டும் பழைய வண்டிச் சந்தையில் சில ஆண்டுகளிலேயே விழுந்த விலைக்குக் கிடைத்தன. விலை விழுந்ததைப் பார்த்து வாங்கியவர்கள், விழுந்ததன் காரணத்தைப் பெட்ரோல் பங்க்கிலும் பட்டறையிலும் தெரிந்துகொண்டார்கள்.

அதே காலத்தில் சிறிய, சாதுவான, பார்க்க எந்த வீரமும் இல்லாத ஒரு கார் உண்மையான புரட்சியைச் செய்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ, 796 சி.சி. எஞ்சின் தந்தது நாற்பது குதிரைத்திறனை ஒட்டி. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டன் எடைக்கு ஏறக்குறைய 60 குதிரை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அம்பாசிடரில் அதே கணக்கு 45ஐ ஒட்டித்தான் நிற்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் யார் முன்னால் போனார்கள் என்பதை இந்த எண்களே சொல்லும். 1993இல் ஜென் வந்தபோது 50 குதிரை, முக்கால் டன் எடை. 1994இல் வந்த எஸ்டீம், பின்னாளில் பதினாறு வால்வு எஞ்சினோடு 85 குதிரைத்திறனை எட்டியது. எடை 900 கிலோவுக்கும் குறைவு. அதாவது டன்னுக்குத் தொண்ணூறுக்கு மேல். கல்யாண வீட்டுக் காராகவும் கம்பெனி அதிகாரியின் காராகவும் பார்க்கப்பட்ட எஸ்டீம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தனி வகுப்பாக ஓடியதற்கு இதுவே காரணம். சிக்கன பட்ஜெட்டில் வேகம் தேடுபவருக்கு நான் சொல்லும் முதல் பாடம் இந்த எண்களில்தான் இருக்கிறது: எஞ்சினின் அளவைக் கேட்பதற்கு முன் வண்டியின் எடையைக் கேட்க வேண்டும். பெரும்பாலான விற்பனையாளர்களுக்கு விடை தெரியாது. ஆர்.சி.யில் அச்சடித்திருக்கும்.

என் வாதத்துக்குக் கடுமையான சோதனை லான்சர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்குத் திருவள்ளூர் புதிதல்ல. 1971 முதலே மண் அள்ளும் இயந்திரங்களை அங்கே செய்தது, அந்தப் பிரிவு பின்னர் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1998இல் அதிகத்தூர் ஆலையிலிருந்து லான்சர் வெளிவந்தபோது, உலக ராலியில் அதே பெயருள்ள வண்டியில் ஃபின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றுகொண்டிருந்தார். நமக்குக் கிடைத்தது 1.5 லிட்டர் பெட்ரோல், 85 குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டியது. மாக்கினெனின் வண்டியோடு அதற்கு உடல் ஒற்றுமைதான். என்றாலும் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் அன்றைய இந்தியக் கார்களில் தலைசிறந்தவை. 2006இல் வந்த லான்சர் செடியா இரண்டு லிட்டர், 115 குதிரை. தேசிய ராலிகளில் அது நெடுங்காலம் ஓடியது. பத்து ஆண்டு கழித்துப் பழைய லான்சரின் விலை ஒரு புதிய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திருவள்ளூர்க்காரர் ஒருவர் தன் மாவட்டத்தில் செய்த, உலகப் பட்டம் வென்ற பெயருள்ள வண்டியை அந்த விலைக்கு வாங்கலாம். இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் விற்ற எண்ணிக்கை குறைவு, பல பாகங்கள் கடல் கடந்து வர வேண்டியவை, அதை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் மாநகரத்தில் சிலர்தான். 2014ஐ ஒட்டித் திருவள்ளூர் ஆலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடமிருந்து கைமாறியது. அங்கே சில காலம் தன் வண்டிகளைச் செய்துவாங்கிய இசுசுவும் 2016இல் ஸ்ரீசிட்டிக்குப் போய்விட்டது. ஆலைக்கு அரை மணி நேரத் தொலைவில் இருப்பவருக்கும் ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது என்றால், ஊர்ப்பாசம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் செல்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஃபோர்டின் கதை இதற்கு மறுபக்கம். மறைமலைநகரில் 1999இல் வந்த ஐகான், அதிலும் 1.6 லிட்டர் வண்டி, ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வேகம் என்றால் என்ன என்று காட்டியது. பிறகு ஃபியஸ்டா, 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையோடு மறைமலைநகர் ஆலை அடங்கியது. என் வாதப்படி ஃபோர்டு ஹெரால்டின் கதிக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் லட்சக்கணக்கில் விற்றிருந்தன. அத்தனை வண்டி தெருவில் இருக்கும்போது பாகம் செய்பவருக்குத் தொழிலை விட மனம் வராது, சர்வீஸையும் நிறுவனம் தொடர்ந்தது. ஆலை உயிரோடு இருக்கிறதா என்பதைவிட, சாலையில் எத்தனை வண்டி உயிரோடு இருக்கிறது என்பதே கேள்வி. பத்மினி நின்ற பிறகும் அதன் பாகம் பல ஆண்டு கிடைத்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் ஃபோர்டிலும் ஒரு பிரிவினை உண்டு: நிறைய விற்ற எஞ்சின் உள்ள வண்டி தப்பித்தது, அபூர்வமான, ஆசையைத் தூண்டும் பதிப்புகளுக்கு உடல் பாகம் தேடுவது இப்போதே சிரமம்.

இதைக் கேட்கும் கார்ப் பிரியர் ஒருவர் சிரிக்கக்கூடும். ஹெரால்டை இன்றும் பளபளவென்று வைத்திருப்பவர்கள் சென்னையில் உண்டு, லான்சர் வைத்திருப்பவர்கள் பாகங்களைத் தாய்லாந்திலிருந்தும் துபாயிலிருந்தும் வரவழைத்துக்கொள்கிறார்கள், மனமிருந்தால் வழி பிறக்காதா என்பார். பிறக்கும்தான். ஆனால் அவர்களுக்கு வேலைக்குப் போக வேறொரு கார் வாசலில் நிற்கிறது. ஒரே காரை வைத்துக்கொண்டு இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்ப வேண்டியவருக்கு அந்த வழி பிறக்காது. இன்னொருவர், இது கார்புரேட்டர் காலத்துக் கதை, இப்போது எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், கைவேலைக்கு மதிப்பே இல்லை என்பார். உண்மையில் எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு இந்த வாதம் இன்னும் வலுத்திருக்கிறது. ஹெரால்டுக்குப் பாகம் இல்லாவிட்டால் லேத்தில் கடைந்தாவது பூட்டலாம். கண்ட்ரோல் யூனிட்டை லேத்தில் கடைய முடியாது. 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் டர்போ, நூறுக்கு மேல் குதிரைத்திறன், கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாற்றும் ஏழு கியர்ப் பெட்டி. ஓட்டினால் மனம் மயங்கும். அந்தக் கியர்ப் பெட்டி கெட்டால் வரும் பில், வண்டி வாங்கிய விலையில் பாதியைத் தொடக்கூடும். ஃபியட் லினியா டி-ஜெட், புன்டோ அபார்த் போன்றவையும் இந்த இனமே; ஃபியட் பெயரில் கார் விற்பதே இங்கே நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகளின் விலை மலிவாக இருப்பது விற்பவரின் தாராளத்தால் அல்ல. வரப்போகும் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் அடிப்படையான மறுப்பு ஒன்று உண்டு. கையில் காசு குறைவு என்றால் மைலேஜ் தரும், ஐந்து பேர் உட்காரும் வண்டியை வாங்காமல் வேகத்தை எதற்குத் தேட வேண்டும்? நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இந்தச் சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. வேகத்தை நிரூபிக்கும் இடம் இது அல்ல, அந்த வேலை சோழவரம், இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களுக்கு உரியது. ஆனால் சோழவரத்துக்காரர்கள் தேடியதில் பாதி, நேர்கோட்டு வேகம் அல்ல. நன்றாகப் பிடிக்கும் பிரேக், சொன்னபடி திரும்பும் ஸ்டியரிங், வளைவில் சாயாத உடல், லாரியைத் தாண்டும்போது தயங்காத எஞ்சின் இவையெல்லாம் பாதுகாப்பின் பகுதிகள். அந்த அர்த்தத்தில் ஸ்போர்ட்டியான வண்டி கேட்பது ஊதாரித்தனம் ஆகாது. அதே அர்த்தத்தில், பழைய எஸ்டீமும் ஜென்னும் என்னதான் சுறுசுறுப்பாக இருந்தாலும், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத அவற்றை இன்று தினசரி வண்டியாகச் சிபாரிசு செய்ய முடியாது. புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும் ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும் கட்டாயமாயின. பழைய வண்டி தேடுபவர் இந்த ஆண்டை ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தியதை வாங்கினால், இவை இரண்டும் உள்ள உயர் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது 2005இல் வந்த ஸ்விஃப்ட் ஏன் இந்த வட்டாரத்தின் இயல்பான தேர்வானது என்பது புரியும். முதல் வண்டியிலேயே 1.3 லிட்டர் பெட்ரோல், 87 குதிரை. 2007இல் ஃபியட்டிடம் உரிமம் வாங்கிய 1.3 டீசல் எஞ்சின். ஓட்டுவதில் சுகம், தெருவுக்குத் தெரு பாகம், எந்தப் பட்டறையிலும் கை. கூடவே 2001இல் மாருதி தொடங்கிய ட்ரூ வேல்யூ, பழைய வண்டி வியாபாரத்தை மரத்தடிப் புரோக்கர்களிடமிருந்து கண்ணாடிக் கடைக்குக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்ததும் மாருதி டீசலை நிறுத்திவிட்டது; டீசல் ஸ்விஃப்டின் பாகம் இன்னும் பல ஆண்டு கிடைக்கும், ஆனால் அதிக ஓட்டம் இல்லாதவர் பெட்ரோலையே பார்ப்பது நல்லது. ஸ்விஃப்ட் வேண்டாம், எல்லோரிடமும் இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்லோரிடமும் இருப்பதுதான் அதன் தகுதி.

எல்லையூர் வாசகருக்கு ஒரு சொல். தடா, சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை பக்கம் ஆந்திரப் பதிவெண்ணோடு நல்ல வண்டி சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி வேறு மாநில வண்டி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும்; அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே சாலை வரி. அந்த வரியைக் கணக்கில் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால் மட்டும் எல்லையைத் தாண்டுங்கள். கடனில் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. நீக்கியிருப்பதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உரிமை மாறிய பதினான்கு நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்துவிடுங்கள். விலை பேசி முடிப்பதற்கு முன், அந்த மாடலின் கிளட்ச் பிளேட், முன் பம்பர், ஹெட்லைட் ஆகிய மூன்றின் விலையையும் கும்மிடிப்பூண்டியிலோ செங்குன்றத்திலோ இரண்டு கடைகளில் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்காவது 'வரவழைத்துத் தருகிறோம்' என்று பதில் வந்தால், எவ்வளவு பாய்ச்சலான வண்டியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.